மனைவி புலம்பும் பக்கங்கள்

றஞ்சிதத்தின் தொழில் தாள் மடிப்பது. கொட்டாஞ்சேனையில் பாயிஸ் முதலாளியின் அச்சுக்கூடத்தில், அச்சான தாள்களை மடித்து, அடுக்கி, ஊசி நூலால் தைப்பாள். தகப்பன் தூத்துக்குடியிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு மூட்டை சுமக்க வந்தவர். அவள் பிறந்து வளர்ந்தது ஜிந்துப்பிட்டியில்.

அந்த அச்சுக்கூடத்தில் அதிகம் அச்சானவை கல்வெட்டுகள். யாழ்ப்பாணத்தார் குடும்பத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் சபையில் வாசித்து, வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்குத்தான் அந்தப் பெயர். அட்டையில் இறந்தவரின் படமும் பெயரும் இருக்கும். உள்ளே குலப்பெருமை, அதன் பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று செய்யுள்கள். புலம்புகிறவர்கள் அவற்றை எழுதுவதில்லை. கூலிக்கு ஒரு புலவர் எழுதிக் கொடுப்பார்.

அப்படி எழுதிப் பிழைத்தவர்களில் ஒருவர் வைத்திலிங்கம். அச்சுப்பிழை பார்க்க வந்து, றஞ்சிதம் மடிக்கும் மேசையின் மறுகோடியில் உட்காருவார். ஒரு நாள் அவள் கேட்டாள்:

"ஏங்க ஐயா, இதுல பொலம்புற அம்மாவ நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லை. ஏன்?"

"நெருப்புல விழுவேன்னு சொல்றாங்களே. அவுங்க அப்பிடிச் சொன்னாங்களான்னு கேட்டேன்."

வைத்திலிங்கம் சிரித்துவிட்டார். அன்றைக்குப் பிறகு அவர் எழுதிய எந்த மனைவியும் நெருப்பில் விழவில்லை. அடுத்த வருடம் இருவரும் கந்தோரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஐயர் இல்லை, தாலி இல்லை. வெள்ளவத்தையில் சீஃப் கிளாக்காக இருந்த வைத்திலிங்கத்தின் அண்ணன் பொன்னம்பலமும் இல்லை. கூலிக்காரன் மகள் ஒருத்தி தன் குடும்பத்தில் நுழைந்ததை, தம்பி இருந்தவரை அவர் ஏற்கவில்லை. ஊர் என்ன, சாதி என்ன என்று விசாரித்த பின்தான் ஒரு பெண்ணுக்கு நாற்காலி காட்டுவது நம்மவர்களின் நாகரிகம்.

வைத்திலிங்கம் உயிரோடிருக்கும்போது வெளிவந்தது ஒரே ஒரு நூல். இருபது வயதில் எழுதிய பக்திப் பாடல்கள் அவை. அண்ணன் அச்சிட்டுக் கொடுத்தார். பிற்காலத்தில் அதை யாராவது கையில் எடுத்தால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். துறைமுகத்தையும் சந்துகளையும் பற்றி, யாப்பை உதறிவிட்டு எழுதிய கவிதைகளே தன் எழுத்து என்பது அவர் எண்ணம். அவற்றை அச்சில் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் உலக யுத்தம் வந்து கடதாசிக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். போகிற இடமெல்லாம் இல்லை என்றார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்றில் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. கவிதைகள் றஞ்சிதத்தின் தகரப் பெட்டியில் கிடந்தன. அவற்றைப் புத்தகமாகப் பார்க்காமல் தனக்கு ஓய்வில்லை என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

சாவு நடந்த மறுவாரம் பொன்னம்பலம் அச்சுக்கூடத்துக்கு வந்தார்.

"தம்பியின்ர கல்வெட்டு அடிக்கவேணும், முதலாளி. கடதாசி இருக்கோ?"

"கல்வெட்டுக்கு எப்பிடியும் தேடிக் குடுப்பம் ஐயா. மௌத்து வேலைக்கு இல்லயெண்டு சொல்ல ஏலுமா?"

மடித்துக்கொண்டிருந்த றஞ்சிதத்தின் கை நின்றது. உயிரோடிருந்தவன் கேட்டபோது இல்லாத கடதாசி, செத்ததும் வந்துவிட்டது.

"நானா, அப்ப அவரு கவிதையையும் இதோட சேத்துப் போடுங்க," என்றாள் பாயிஸிடம்.

பொன்னம்பலம் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். ஆனாலும் அவர் முதலாளியைப் பார்த்தே பேசினார்.

"அவவுக்குச் சொல்லும், முதலாளி. கல்வெட்டுக்கு ஒரு முறை இருக்கு. அவன்ர விசர்ப் புசத்தலையெல்லாம் எங்கட அப்பான்ர பேருக்குப் பக்கத்தில போடேலாது."

"மனைவி பொலம்பல் போடுவாகளா, மாட்டாகளா? கேளுங்க நானா."

பொன்னம்பலத்துக்குச் சங்கடம். அந்தப் பகுதியை விட்டால், தம்பி முறையில்லாமல் ஒருத்தியை வைத்திருந்தான் என்று உறவினர் பேசுவார்கள். போட்டால், அவள் மனைவி என்று ஒப்புக்கொண்டதாகும். மானத்துக்குப் பயந்து இரண்டாவதைத் தேர்ந்தார்.

"போடத்தான் வேணும். புலவர் எழுதித் தருவார்."

"யாரோ ஒரு ஆம்பள எதுக்கு எனக்காகப் பொலம்பணும்? எனக்கு வாயில்லையா? அந்தப் பக்கம் என்னோடது. நானே குடுப்பேன்."

பொன்னம்பலம் சிரித்தார். "எழுத்துக்கூட்டத் தெரியுமோ எண்டு கேளும். சரி, குடுக்கட்டும். அந்தப் பக்கத்தில நாங்கள் கை வைக்கமாட்டம்."

"நாளைக்கி வேற கத கதைக்கக் கூடாது ஐயா," என்றார் பாயிஸ்.

"நான் சொன்னால் சொன்னதுதான்."

அச்சுப்பிழை பார்க்க வந்த நாளில் தகப்பன், பாட்டன், மாமன்மார் பெயர்களையெல்லாம் பொன்னம்பலம் விரல் வைத்துச் சரிபார்த்தார்.

"பொறகால உள்ளதயும் ஒருக்காப் பாருங்க ஐயா," என்று பாயிஸ் தாள்களை நீட்டினார். றஞ்சிதம் கொடுத்த கவிதைகள் அத்தனையும், 'மனைவி புலம்பல்' என்ற தலைப்பின் கீழ் அவற்றில் இருந்தன.

"புலம்பலில என்னத்தைப் பாக்கிறது? எல்லாம் ஒண்டுதான்," என்று சொல்லிப் பொன்னம்பலம் கையெழுத்துப் போட்டார்.

முப்பத்தோராம் நாள், வெள்ளவத்தை வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். றஞ்சிதம் குசினி வாசலோரம் சாக்கொன்றை விரித்து உட்கார்ந்திருந்தாள். பாய் எடுத்துக் கொடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. பென்சன் எடுத்த ஆசிரியர் ஒருவர் கல்வெட்டை இராகத்தோடு வாசித்தார். குலப்பெருமை முடிந்தது. 'மனைவி புலம்பல்' என்று தலைப்பைப் படித்து, தொண்டையைச் செருமி, சோக இராகம் எடுத்தார்.

மூட்டையின் மேல் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது.
சுமக்கிறவன் எந்த ஊர் என்று
எவரும் எங்கும் எழுதவில்லை.

இராகம் இரண்டாம் அடியிலேயே முறிந்தது. மறுபடி எடுத்தார்; மறுபடி முறிந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பொன்னம்பலத்தைப் பார்த்தார். பொன்னம்பலம் பாதி எழுந்துவிட்டார். ஆனால் கல்வெட்டை நடுவில் நிறுத்துவது ஆத்துமாவுக்கு ஆகாது என்று அவருக்குப் பக்கத்திலிருந்த கிழவர் கையைப் பிடித்து இருத்தினார். இதை எழுதும் நான் எத்தனையோ மூடநம்பிக்கைகளைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். இந்த ஒன்றைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர் பாட்டை விட்டுவிட்டு, பேசுகிற குரலில் வாசிக்கத் தொடங்கினார். வெற்றிலை மென்ற வாய்கள் மெல்ல நின்றன.

உள்ளே தீபம் காட்டுகிறார்கள்.
வெளியே நிறுத்தப்பட்டவளின் முகம்
அந்த வெளிச்சத்தில் தெரிகிறது.
அது போதும் எனக்கு.
நானும் வெளியே நிற்கிறேன்.

கூடத்தில் சில தலைகள் குசினிப் பக்கம் திரும்பின. றஞ்சிதம் தலை குனியவில்லை. ஆசிரியர் கடைசி வரிவரை வாசித்தார்.

"பாவம், என்னமா எழுதிப்போட்டாள் பெட்டை," என்று ஒரு மாமி கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த நாள் பொன்னம்பலம் அச்சுக்கூடத்துக்குள் நேரே நுழைந்து, மேசைக்கு முன் நின்றார். முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"என்ர தம்பி கோயிலுக்கு வெளியில நிண்டவன் எண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டாய்."

"அவருதான் சொன்னாரு. நா மடிச்சேன், அவ்வளவுதான்."

"உன்ர புலம்பல் எண்டு போட்டதால எல்லாரும் நீ எழுதினதெண்டு நினைக்கினம். அவன்ர பேர் எங்கை?"

றஞ்சிதம் ஒரு பிரதியை எடுத்து அட்டையைக் காட்டினாள். வைத்திலிங்கத்தின் படம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் அவர் பெயர்.

"இதுதானே அவரு பேரு? நீங்க குடுத்த படந்தான்."

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பியின் பெயரில் இரண்டாவது நூலையும் அச்சிட்டது தானே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். திட்டுவார் என்று பாயிஸ் பயந்து எழுந்தார். பொன்னம்பலம் திட்டவில்லை.

"என்னட்ட இருந்த புத்தகமெல்லாம் ஆக்கள் கொண்டுபோயிட்டினம், பிள்ளை," என்றார். "எனக்கு ஒண்டு தா."

வைத்திலிங்கத்தின் நூல்களை இன்றைக்குப் பட்டியல் போடுகிற பண்டிதர்கள் பக்திப் பாட்டுப் புத்தகம் ஒன்றையே குறிப்பிடுகிறார்கள். சாவு வீட்டில் கொடுத்ததெல்லாம் இலக்கியமா என்பது அவர்கள் கேள்வி. ஜிந்துப்பிட்டியில் அந்தக் கல்வெட்டு கை மாறிக் கை மாறிக் கிழிந்துவிட்டது. கிழிந்ததைக் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் றஞ்சிதம் ஊசி நூலெடுத்து மறுபடி தைத்துக் கொடுத்தாள்.