ஏலத்துக்கு வந்த சேவல்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் தோட்டத்தில் வெயில் தரைக்கு இறங்கி வரும். வருஷம் முழுக்க ரப்பர் மரங்களின் உச்சியிலேயே தங்கிவிடுகிற வெயில் அது. இலைகள் பழுத்துச் சிவந்து, ஒரு காற்றுக்கு ஒரு காடே உதிரும். கொஞ்ச நாள் மரங்கள் வெறுமனே நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் வரும், கூடவே அரிசிக் குருணை மாதிரி பூ வரும். அந்தப் பூ வாசனையில் பட்டப்பகலிலேயே கண் சொக்கும். அந்த மாதங்களில் நான் நடந்துகொண்டே தூங்குவேன் என்று அம்மா சொல்வாள். பொய் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தளிரை அண்ணாந்து பார்த்தபடி நின்று, குடம் வழிந்து பாவாடை நனைந்த பிறகுதான் வீடு ஞாபகம் வந்த நாட்கள் உண்டு.

அந்தக் காலத்தில் மரத்துக்கு ஓய்வு. பால்வெட்டு அரை நாளாகும், சில வாரம் நின்றே போகும். சம்பளமும் அரையாகும். கையில் நேரம் இருக்கும், காசு இருக்காது. அப்படிப்பட்ட மாதமாகப் பார்த்து நிதி திரட்டக் கிளம்புவதற்கு எங்கள் ஆட்களை விட்டால் வேறு யாருக்குத் தோன்றும்!

கரங்கான், லூனாஸ் என்ற இரண்டு சிறு பட்டணங்களுக்கு நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில் ஒரு வாலிபர் சங்கம் இருந்தது. செயலாளர், புகைவீட்டில் ரப்பர் ஷீட் காய வைக்கும் அண்ணன். சதா கண் சிவந்து இருப்பார். புகையால்தான், வேறொன்றும் இல்லை. பெண்கள் பிரிவுக்குத் தலைவி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரின் மனைவி. யாழ்ப்பாணத்து அக்கா. கால் மிஷினில் துணி தைத்துக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் யாரையாவது வேலை வாங்கிக்கொண்டிருப்பார். அவர் பேசுவதைக் கேட்பதற்காகவே நாங்கள் பாவாடை தாவணிக்காரிகள் நாலைந்து பேர் சங்கத்தில் சேர்ந்தோம்.

"பிள்ளையள் வெறும் மண்ணில கிடக்குதுகள். பார்க்க வயிறு பத்துது. ஆயாக்கொட்டகைக்கு ஒரு சீமெந்துத் தரை போட்டுக் குடுப்பம்" என்றார் அக்கா.

ஆயாக்கொட்டகை என்பது, விடியுமுன் பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம். தகரக் கூரை, சாக்குத் தூளிகள், கீழே மண். மழை பெய்தால் அந்த மண் குளிர்ந்து ஈரமாகும். தவழுகிற குழந்தைகளுக்கெல்லாம் மாறி மாறிச் சளி, காய்ச்சல். அங்கே தவழ்ந்தவர்களில் என் தம்பியும் ஒருவன்.

அதற்கு முந்தைய அடைமழையில் தம்பிக்கு வந்த காய்ச்சலை நான் இன்னும் மறக்கவில்லை. கண் மேலே செருகிவிட்டது. டிரசர் வந்து மருந்து கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் பையை மூடினார். அப்பா வேலைக்காட்டில் இருந்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு மழையோடு மழையாகத் தோட்டத்து எல்லையில் இருக்கும் முனியாண்டி சாமியிடம் ஓடினாள். அக்குளில் எங்கள் வீட்டுச் செவலைக் கோழிக்குஞ்சு ஒன்று.

"புள்ளயக் குடுத்துடுய்யா. மரம் துளிர் வுடுறப்ப இத வளத்துக் கொண்டாந்து ஒங்கிட்ட குடுத்துடுறேன். கொண்டாரலன்னா நீ என்ன வேணா பண்ணிக்க." கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிரசர் மருந்தோ முனியாண்டியோ, தம்பி பிழைத்தான். குஞ்சு சேவலானது. நேர்ந்துவிட்ட சேவலை விற்கக் கூடாது, வேறொருவர் வயிற்றுக்குப் போகக் கூடாது. போனால் அந்தக் கடன் தம்பியின் மேல் திரும்பும் என்பதில் அம்மாவுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. தம்பி தும்மினால்கூடச் சேவல் கூண்டில் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பாள்.

இந்த விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. "அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா, முனியாண்டிக்கு ஒரு முட்டை பத்தாதாம்பாரு" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் அப்பா எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், அது ஊரறிந்த சங்கதி. மாட்டுப் பொங்கலுக்கு அந்தச் சேவலை ஏன் சட்டியில் போடவில்லை என்று ஒரு மாதம் முணுமுணுத்தவர்.

நன்கொடை கேட்டுப் பெண்கள் நாங்கள் கீழ் லயத்துக்குப் போனோம். பையன்கள் கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு மேல் லயத்துக்கு, அதாவது எங்கள் வீட்டுப் பக்கம் போனார்கள். காசு இல்லாத வீடுகள் பூசணிக்காய் கொடுத்தன. முட்டை, வாழைத்தார், ஊறுகாய் ஜாடி கொடுத்தன. ஒரு வீட்டில் பாதி பின்னிய கூடையைக் கொடுத்து, மீதியை வாங்குகிறவர் பின்னிக்கொள்ளட்டும் என்றார்கள். எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடும் திடலில் ஏலம் விடுவதாக ஏற்பாடு. கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவோமே, அந்தப் பழக்கம்தான்.

ஞாயிறு மத்தியானம் திடலைச் சுற்றி மரங்களெல்லாம் இளம் தளிரில் நின்றன. வெயில் அதற்குள் புகுந்து வரும்போது எல்லார் முகமும் செம்பாகத் தெரிந்தது. எங்கிருந்தோ பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. பூசணிக்காய் மேல், அக்காவின் கொண்டை மேல், செயலாளர் அண்ணன் உரக்கப் பேசுவதற்காகத் தகரத்தில் செய்து வைத்திருந்த ஊதுகுழாய் மேல். அவர் ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்து ஒருதரம், ரெண்டுதரம் என்று பாடுவது எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது. நான் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுகமாகக் கண்ணை மூடினேன்.

"அடுத்தாப்ல ஒரு அதிசயம்! கை நீளாத வீட்டுலருந்து ஒரு செவலச் சேவல்! பெரியவங்களே, கை தட்டுங்க!"

கண்ணைத் திறந்தேன். அண்ணனின் கையில் தலைகீழாகத் தொங்கியது எங்கள் சேவல்.

அம்மாவும் நானும் வீட்டில் இல்லாத நேரமாகப் பையன்கள் வாங்கி வந்திருக்கிறார்கள். ஆண்கள் பக்கம் பார்த்தேன். அப்பா எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. கல்யாண மாப்பிள்ளை மாதிரிக் கூச்சப்பட்டார். ஊரே கை தட்டியது. பெண்கள் பக்கம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கை தட்டவில்லை. தம்பியை நெஞ்சோடு இறுக்கினாள். அவன் வீல் என்று கத்தினான்.

ஏலக் கேள்வி தொடங்கியது. லூனாசிலிருந்து வந்திருந்த லோரிக்காரர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே எங்கள் ஊர்ப் பணத்தில் ரெண்டு வெள்ளி என்றார். தரைக்கு ஆற்று மணல் ஏற்றி வர வாடகை பேசியிருந்தவர் அவர்தான். "வறுத்தா எப்படி இருக்கும்!" என்று உதட்டை நக்கினார். வேறு யாரோ ஏற்றினார்கள். அவர் இன்னும் ஏற்றினார்.

நான் அம்மாவிடம் ஓடினேன். "சொல்லிடும்மா. சாமி சேவல்னு சொன்னா ஒருத்தரும் தொட மாட்டாங்க" என்றேன்.

"வாய மூடு. சபையில குடுத்தத பொண்டாட்டி வந்து சாமி பேரச் சொல்லிப் புடுங்குனா, அந்த மனுசன் மூஞ்சி என்னாகும்? இன்னைக்குத்தான்டி அவருக்குக் கை தட்டியிருக்காங்க."

"அப்ப தம்பி?"

"ரெண்டுதரம்" என்று குழாய் ஊதியது. அம்மா தம்பியை என் கையில் திணித்துவிட்டு எழுந்தாள். எங்கள் தோட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் ஏலம் கேட்டதில்லை.

"மணலு" என்றாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னாள். "தரைக்கு வேண்டிய ஆத்து மணல் பூரா நான் சொமந்து போடுறேன். லோரி வேண்டாம். இதுதான் என் கேள்வி."

செயலாளர் தலையைச் சொறிந்தார். "அக்கா, ஏலத்துல காசுல்ல கேக்கணும்!"

யாழ்ப்பாணத்து அக்கா எழுந்தார். "லொறிக்குக் காசு குடுக்கத்தானே இருந்தனாங்கள்? அது மிஞ்சினால் அதுவும் காசுதான். தட்டுங்கோ தம்பி."

மூணுதரம் விழுந்தது. லோரிக்காரருக்குச் சேவலும் போயிற்று, சவாரியும் போயிற்று. நல்ல மனிதர், விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஆண்கள் பக்கத்திலிருந்து வேறொரு சிரிப்பும் கிளம்பியது.

"பாத்தியா சாமர்த்தியத்த! அய்யா ஒரு கையால குடுப்பாரு, அம்மா மறு கையால வாங்கிக்குவாங்க!"

அப்பா முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே அவிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மரங்களுக்குள் நடந்து போனார். சிரித்தவன் வாயில் மண்ணைப் போட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போதும் வருகிறது, அவன் செத்தே பல வருஷம் ஆகிவிட்டது!

வீட்டில் அப்பா கத்தினார். "என் வாழ்க்கையில ஒரு நாளு... ஒரே ஒரு நாளு மனுசனா நின்னேன். அது ஒனக்குப் பொறுக்கலயா?"

அம்மா சேவலின் காலைக் கட்டியபடியே விஷயத்தைச் சொன்னாள். காய்ச்சல், மழை, முனியாண்டி, கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தை வரைக்கும். அப்பா மெல்ல உட்கார்ந்தார். தூளியில் தூங்கும் தம்பியைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா சேவல் கால் முடிச்சை இறுக்கினாள். ஏன் சொல்லவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது போல. பிறகு, யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னார்: "நம்ம புள்ள மண்ணுல கெடக்கேன்னுதான் குடுத்தேன்."

மறுநாள் காலை அம்மா காண்டா வாளியைத் தூக்கினாள். தோள்கம்பின் இரு முனையிலும் வாளி தொங்கும், காட்டிலிருந்து பால் சுமந்து வருகிற சாமான் அது. பால் இல்லாத மாதத்தில் அது மணல் சுமந்தது. அப்பா இன்னொரு காண்டாவோடு பின்னால் போனார். கோடையில் ஆறு வற்றி, மணல் வெள்ளையாக மேடு தட்டிக் கிடந்தது. தம்பியை இடுக்கிக்கொண்டு நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். தளிர் வெளிச்சத்துக்குள் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாகப் போவார்கள், வருவார்கள். கம்பு வளைந்து நிமிரும் சத்தம் மட்டும் கிரீச், கிரீச் என்று கேட்கும். அந்தச் சத்தத்தில் நான் தூங்கி விழித்தால், அவர்கள் இன்னும் நடந்துகொண்டிருப்பார்கள். எது கனவு, எது நிஜம் என்று எனக்குச் சில நேரம் பிடிபடாது.

அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அப்பா சங்கத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. தரை போட்டு முடிந்து, அக்கா எல்லாருக்கும் கோப்பி கொடுத்த அன்றும் வரவில்லை. "கஞ்சனுக்குக் கோப்பி எதுக்கு" என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். அவரே தன்னை அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை, எனக்கு அழுகை வந்துவிட்டது.

தம்பிக்கு அதன் பிறகு காய்ச்சலே வரவில்லை என்று நான் புளுக மாட்டேன். வந்தது, போனது. இன்றைக்கு அவன் பேரப்பிள்ளை எடுத்துவிட்டான்.

இலைகள் பச்சை பிடித்து வெயில் மறுபடி உச்சிக்கு ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா முனியாண்டிக்குப் பொங்கல் வைத்தாள். மேல் லயம், கீழ் லயம் எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். செயலாளர் அண்ணன் வந்தார். அன்றைக்குச் சிரித்தவர்களும் வந்தார்கள், சோறு என்றால் வராமலா? கடைசியில் நின்ற மரத்தடியில், யார் கண்ணிலும் படாமல் அப்பா நின்றார்.

பூசாரி சேவலை வாங்கித் தண்ணீர் தெளித்தார். அது சிலிர்த்துத் தலையாட்டியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

"காணிக்க யாரு பேருலம்மா?" என்றார். தம்பியின் பெயரைச் சொல்வாள் என்று தம்பியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன்.

"இது எங்க வீட்டுக்காரரு குடுத்த சேவல்" என்றாள் அம்மா.

"வீட்டுக்காரரு பேரு?"

தாலி கட்டியவன் பெயரை எங்கள் பெண்கள் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். சம்பளக் கணக்கெழுதும் கிராணி ஆபீசில் கேட்டால்கூட அம்மா என் முதுகைத் தட்டுவாள், நான்தான் சொல்வேன். அன்றும் அவள் கை என் முதுகுக்கு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அம்மா தலையை நிமிர்த்தி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அப்பாவின் முழுப் பெயரையும் சொன்னாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.