முனி இனிப்புச் சுருட்டுப் பிடித்த நாள்

எங்கள் தோட்டத்து ரோதமுனி கோபக்காரர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய ரோதைச் சக்கரம் சுழன்ற காலத்தில், அதற்குக் காவலாக வந்து உட்கார்ந்தவராம். ரோதை போய் மோட்டார் வந்த பிறகும் அவர் இடத்தைக் காலி செய்யவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரத்தடியில், ஒரு சூலமும் சில கற்களுமாக, வருடத்துக்கு ஒரு பூசையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பூசைக்குச் சேவல் வேண்டும், சாராயம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுருட்டு வேண்டும். அதுவும் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கறுத்த முரட்டுச் சுருட்டு. அதைப் பற்றவைத்தால் லயத்து வீட்டு வரிசையின் முதல் காம்பராவில் இருப்பவருக்குக் கண் எரியும், கடைசிக் காம்பராவில் இருப்பவர் இருமுவார். அப்படி ஒரு சாமானை வாயில் வைத்துக்கொண்டு எந்தச் சாமிதான் நல்ல வார்த்தை பேசும்? எங்கள் முனி பேசியதே இல்லை. வாக்குக் கேட்க வந்தவர்களை எல்லாம் வைவார். மறந்துபோன நேர்த்திக்கடனை ஊர் முன்னால் சொல்லி மானத்தை வாங்குவார். அதற்காகவே கூட்டம் வரும்.

முனி இறங்குவது என் பெரியப்பா மேல். மற்ற நாட்களில் பெரியப்பா ஸ்டோர் மாடியில் கொழுந்து வாட்டுகிறவர், அதிகம் பேசாதவர். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். கொழுந்தானாலும் சரி, கருவாடானாலும் சரி, என் பள்ளிக்கூடத்துப் புதுப் புத்தகமானாலும் சரி. மூக்கு சரி என்றால்தான் தலை ஆடும்.

அந்த வருடம் முனியிடம் எங்கள் வீட்டுக்கே ஒரு காரியம் இருந்தது. அத்தையின் கல்யாணம். அத்தை என்றால் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவர் பெரியப்பா. அத்தை பழைய துரை பங்களாவில் வேலை செய்தார். அது அப்போது வெளிநாட்டுக்காரர் வந்து தங்குகிற விடுதியாக மாறியிருந்தது. நானுஓயா ஸ்டேஷனிலிருந்து அவர்களை வேனில் ஏற்றிவரும் டிரைவர் ஒருவர் இருந்தார். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

பையன் நல்லவர்தான். தகராறு அவருடைய அப்பாவால் வந்தது. அவர் ஸ்டோரில் மெசின் பழுது பார்ப்பவர். அந்த வேலைக்காரர்களை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை பூசைப் பிரசாதம் கொடுக்கப்போன பெரியப்பாவிடம், ஸ்டோர் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் அவர் சொல்லிவிட்டார்: “மெசினச் சுத்த வைக்கிறது முனி இல்லீங்க, நான் போடுற கிரீசு.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. போன வருடப் பூசையில் அப்பா பயந்து பயந்து அத்தையின் விஷயத்தை முனியிடம் கேட்டபோது, முனி சூலத்தைத் தரையில் குத்தி, “அந்த வாசப்படிய மிதிக்காத!” என்று கத்தினார். பெரியப்பா சொல்லியிருந்தால் காலில் விழுந்து கேட்கலாம். சொன்னது சாமி. அத்தை ஒரு வருடம் முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

இந்த நேரத்தில்தான் அந்த டப்பா வந்தது. விடுதியில் தங்கிப்போன வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போனதாம். மிளகாய்த்தூள் போட்டு வைக்கலாம் என்று அத்தை கேட்டு வாங்கி வந்தார். மூடியில் சிவப்புப் பழத்தின் படம். திறந்ததும் காம்பரா முழுக்க ஒரு வாசம் பரவியது. கித்துள் மரத்துப் பாணி காய்ச்சும்போது வருகிற வாசம், அதற்குள் காய்ந்த முந்திரிகைப் பழம், அதற்கும் உள்ளே நத்தார் பண்டிகைக் கேக்கின் வாசம். உள்ளே பழுப்பும் கறுப்புமாக மெல்லிய இழைகள், தொட்டால் கொஞ்சம் ஈரம்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களிடம் வாசமாக, பழுப்பாக, டப்பாவில் ஒன்றைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? அம்மா உடனே கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்.

“நம்ம கொழுந்துதான்,” என்றார் அப்பா பெருமையாக. “அங்க போயி இப்புடி மணமாத் திரும்பி வந்திருக்கு. நமக்கு மட்டும் தூசித் தூளு.”

அம்மா ஒரு கரண்டி போட்டு வெந்நீர் ஊற்றினார். சாயம் மட்டும் நன்றாக இறங்கியது. நான் முதல் ஆளாகக் கோப்பையைத் தூக்கிய நேரத்தில் பெரியப்பா உள்ளே வந்தார். கோப்பையை என் கையிலிருந்து வாங்கினார், மூக்குக்குக் கொண்டுபோனார். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மறுபடி மோந்தார். பிறகு கோப்பையைக் கொண்டுபோய் வாசலில் ஓடும் சாக்கடைக் கானில் ஊற்றினார்.

“குடிச்சிராதீங்க, குடலப் பொரட்டிரும். இது போயிலை. அந்தக் காலத்துத் தொரைமாரு குழாயில போட்டுப் பிடிப்பாங்களே, அது.”

அப்பாவின் பெருமை அப்படியே அடங்கிப்போனது. ஆனால் பெரியப்பா டப்பாவைக் கீழே வைக்கவில்லை. “போயிலைன்னா மூக்குல அடிக்கணும். இது தடவிக் குடுக்குது,” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை மோந்தார். அவர் ஒரு பொருளை மூன்று முறை மோந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை நாள் வந்தது. காலையிலேயே அப்பா ஹட்டனுக்குப் போய்ச் சாமான்கள் வாங்கி வந்தார். பஸ் இறங்குகிற இடத்துக்கு அத்தை குடை எடுத்துக்கொண்டு போனார். எங்கள் மழையைப் பற்றித் தெரிந்ததுதானே, சொல்லாமல் வரும், சொன்னாலும் போகாது. இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட வந்து நின்றார்கள். நனையாமல் வந்தது சேவல் ஒன்றுதான்.

“சாமிக்குக் குடுக்கிற உசுரு, சளி பிடிச்சிறக் கூடாதுல்ல,” என்றார் அப்பா. குடையை அதற்குத்தான் பிடித்தாராம்.

அம்மா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டி. கடைசியாகச் சுருட்டுக்கட்டு வந்தது. ஓடையில் முக்கி எடுத்த மாதிரி அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்தது.

 தோட்டத்துக் கடையில் சிகரெட்டும் பீடியும்தான் இருக்கும். முனியின் வாயில் பீடியை வைக்க முடியுமா? சுருட்டு இல்லாமல் பூசை இல்லை. பூசை இல்லை என்றால் வாக்கு இல்லை. வாக்கு இல்லை என்றால் அத்தைக்கு இன்னும் ஒரு வருடம். எனக்கே அழுகை வந்தது.

பெரியப்பா ஒரு சுருட்டை எடுத்துப் பிழிந்து பார்த்தார். பிறகு தீப்பெட்டியை எடுத்துக் காதருகே குலுக்கி, ஒரு குச்சியை உரசினார். முதல் உரசலிலேயே பற்றியது. சுருட்டு மட்டும் உஸ்ஸென்று அணைந்தது. அவர் குச்சியைப் போடவில்லை. அது விரலைச் சுடும்வரை பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தார். அப்பா குனிந்து, நனையாத சேவலுக்குக் கால் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை தரையைப் பார்த்தார். இன்றைக்கு அப்பாவுக்கு அடி விழும் என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“அந்த டப்பாவ எடு,” என்றார் பெரியப்பா.

அவரே சுருட்டினார். நனைந்த சுருட்டின் மேல் இலையைக் கிழியாமல் விரித்து, உள்ளே இருந்ததைத் தள்ளிவிட்டு, வெள்ளைக்காரர் போயிலையை வைத்து உருட்டி, அடுப்போரம் காயவைத்தார். சாமிக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. பார்த்தால் எச்சில். ஆகையால் மூக்கு மட்டும்தான் அனுபவித்தது. சூடு ஏற ஏற வாசம் கிளம்பியது. பெரியப்பா அடுப்பை விட்டு நகராமல் நிமிடத்துக்கு ஒரு தடவை எச்சில் விழுங்கினார். பாவம், பொறுமையின் பூமாதேவி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாயும் நேரம் தப்பு முழங்கியது. தோட்டமே மரத்தடியில் நின்றது. பாஸும் வந்திருந்தார், மகனோடு, எட்டத்தில், கையைக் கட்டிக்கொண்டு. பெரியப்பாவின் உடம்பு நடுங்கியது; கண் சிவந்தது; முனி வந்துவிட்டார். சாராயத்தைத் தள்ளிவிட்டுச் சுருட்டுக்குக் கை நீட்டினார். அப்பா பற்றவைத்துக் கொடுத்தார்.

வழக்கமாக முனி ரயில் எஞ்சின் மாதிரி புகை விடுவார். அன்றைக்கு ஒரு சின்ன இழுப்பு இழுத்தார். நின்றார். புகையை விடாமல் வாயிலேயே வைத்து, நாக்கைப் புரட்டி, கண்ணை மூடி, மெதுவாக மூக்கு வழியாக விட்டார். இன்னொரு சின்ன இழுப்பு. மூன்றாவது இழுப்பில், நான் பொய் சொல்லவில்லை, முனி உட்கார்ந்துவிட்டார். எங்கள் முனி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தப்படிக்கிறவர்களுக்கு அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியவில்லை. அவர்களும் தாலாட்டுப் போல மெல்லத் தட்டினார்கள்.

வெள்ளைப் புகை கூட்டத்துக்குள் வந்தது. கண் எரியவில்லை. ஒருவரும் இருமவில்லை. “யாரு வீட்டுல கேக்கு சுடுறாங்க?” என்று ஒரு குழந்தை கேட்டது. பின்னால் நின்றவர்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். கட்டிய கையோடு பாஸும் வந்தார்.

அப்பா கும்பிட்டார். “சாமி... தங்கச்சி காரியம்...”

முனி ரசித்து இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டு, பாஸை விரலால் கூப்பிட்டார். கூட்டம் விலகி வழிவிட்டது. முனி சுருட்டை நீட்டினார்.

“இழுடா.”

சாமி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பாஸ் வாங்கி இழுத்தார். அவருடைய கண்ணும் தானாக மூடிக்கொண்டது.

“என்னடா, கிரீசு மணக்குதா?”

மரத்துக் காக்கையெல்லாம் பறக்கும்படி கூட்டம் சிரித்தது. பாஸும் சிரித்துவிட்டார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “இல்லீங்க சாமி, தேனா இனிக்குதுங்க,” என்றார்.

முனி சுருட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “போன வருசம் எனக்கு வாயி கசந்து கெடந்துச்சு. கசந்த வாயில சொன்னது கசப்பு வாக்கு. இப்ப இனிக்குது. பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ. கண்ணு கலங்க வச்சே, ஒன் மெசின் ஒன்னும் சுத்தாது, பாத்துக்க.”

அத்தை அழுதார், அம்மா அழுதார், சிரித்துக்கொண்டே நானும் அழுதேன். வேன் டிரைவர் கூட்டத்தில் யார் யார் காலிலோ விழுந்தார். பதற்றத்தில் தப்படிக்கிறவர் காலிலும் விழுந்தார்.

மறுநாள் காலை பெரியப்பா ஒன்றும் தெரியாதவராகப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சாமி வந்தவருக்கு எதுவும் நினைவிருக்காது. நடந்ததை அப்பா முதலிலிருந்து சொன்னார். பெரியப்பா வாயைப் பிளந்து கேட்டார். “அப்புடியா? முனியே சொல்லிருச்சா? சாமி சொன்ன பெறகு நாம யாரு மறுக்க?” என்றார். பிறகு டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று விசாரித்தார். “கடைசி இழுப்புல கொஞ்சம் கருப்பட்டி கருகின மணம் வரும், அதுதான் அதுல விசேசம்,” என்றார்.

“ஒங்களுக்கு எப்புடித் தெரியும் பெரியப்பா?” என்று நான் கேட்டேன். அத்தை என் காலை நறுக்கென்று மிதித்தார்.

அத்தையின் கல்யாணத்துக்கு நான்தான் மணப்பெண் தோழி போலச் சந்தனக் கிண்ணத்தோடு திரிந்தேன். அந்தக் காலி டப்பாவை அம்மா மிளகாய்த்தூளுக்குக் கேட்டும் நான் கொடுக்கவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் அதைத் திறந்து மோந்துவிட்டு, முனி இருந்த திசையில் ஒரு கும்பிடு போடுவேன். இனிப்பான புகையில் சாமியின் மனசு இளகும் என்பதில் எனக்கு அத்தனை நம்பிக்கை.

போன மாதம் ஹட்டனில் சாமான் வாங்கித் திரும்பும்போது நல்ல மழை. பை தொப்பலாகிவிட்டது. வீட்டுக்கு வந்து விளக்கேற்றப் புதுத் தீப்பெட்டியை உரசினேன். பற்றவில்லை. குச்சியின் மருந்து சேறாக வழிந்தது. இன்னொரு குச்சி, அதுவும் அப்படியே. மூன்றாவது குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரே பை. ஒரே மழை. அன்றைக்குக் கற்பூரம் நனையவில்லை, தீப்பெட்டி நனையவில்லை, சுருட்டு மட்டும் எப்படி நனைந்தது?

அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேச அப்பாவுக்குத் தைரியம் கிடையாது, அத்தைக்கும் கிடையாது. இரண்டு பேராலும் முடிந்தது ஓடையில் ஒரு சுருட்டுக்கட்டை நனைத்து, அந்த டப்பாவைத் தவிர வேறு வழி இல்லாமல் செய்வது மட்டும். பெரியப்பா தீப்பெட்டியைக் குலுக்கிப் பார்த்தபோதே எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விரல் சுட அவர் அப்பாவைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததாக நான் நினைத்தேன். இருட்டில் தனியாக நின்று சிரித்தேன். என் பெரியப்பாவை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. “அந்த டப்பாவ எடு” என்று அவர் சொன்ன நிமிடத்திலேயே அத்தையின் கல்யாணம் முடிவாகிவிட்டது. அது தெரியாமல் நான், முனி வரட்டும் என்று பொழுது சாயும்வரை காத்துக்கொண்டிருந்தேன்.