பண்ணையம்மாவாக நடித்த அம்சம்

நன்னிலத்துக்குக் கிழக்கே, வாய்க்காலின் இரு கரையிலும் வயலாகவே கிடக்கும் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள் அம்சம். அப்பா வீரையன் பண்ணையாள். அம்மா ராமாயி நடவுக்கும் களையெடுக்கவும் போவாள். பண்ணைக்கு உடையவள் பிரகதாம்பாள். புருஷன் செத்த பிறகு, ஒரு காரியஸ்தரை வைத்துக்கொண்டு அவளே நிலபுலத்தைக் கட்டி ஆண்டாள்.

பிற்பாடு சினிமாவிலும் டிவியிலும் முகம் தெரிந்த பிறகு, "நடிப்பை எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால், "கூலி கேக்கப் போய் கத்துக்கிட்டேன்" என்பாள் அம்சம். அது விளையாட்டுப் பேச்சில்லை.

மதராஸில் ஆட்சி மாறிய மறுவருஷம் அது. கீழத்தஞ்சை முழுக்கக் கூலித் தகராறு. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கொடி பறந்த தெருக்களுக்கு அறுப்பு வேலை இல்லை என்று சொல்லி மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். மறியலும் கைதுமாக இருந்த அந்தச் சமயத்தில், சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராக நாடகம் போட்டார்கள். அம்சத்தின் ஊரில் நாடகம் போட இருந்த அன்று காலையில், மறியலுக்குப் போனவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பெண் வேஷம் கட்டுகிறவனும் அதில் போய்விட்டான்.

"அந்த வசனம் பூரா எனக்குத் தெரியும்," என்றாள் அம்சம். அவளுக்குப் பதினேழு வயது. ஒத்திகை நடந்தபோதெல்லாம் வைக்கோல்போருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருந்தாள்.

"பொட்டப்புள்ள மேடையேறுனா எவன் வந்து கட்டுவான்?" என்று கத்தினாள் ராமாயி.

வீரையன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "ஏறட்டும். கேக்க வேண்டியதத்தான கேக்கப் போவுது."

பொழுது சாயும் நேரத்தில் களத்துமேட்டில் நாடகம் தொடங்கியது. யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்கக் காரியஸ்தரும் வந்து கூட்டத்தின் ஓரமாக நின்றிருந்தார். மேடையில் பண்ணையார் வேஷக்காரனைப் பார்த்துப் பேச வேண்டிய வசனத்தை, அம்சம் சட்டென்று திரும்பிக் காரியஸ்தரைப் பார்த்துப் பேசினாள். "அளக்குற மரக்கா உங்க கையில இருக்கலாம். அறுக்குற அறுவா எங்க கையிலதான் இருக்கு!" சனம் எழுந்து நின்று கை தட்டியது.

மறுநாள் காரியஸ்தர் வீரையனைக் கூப்பிட்டுவிட்டார். "ஒம்மவ மேடையில கேட்ட கூலிய மேடையிலயே போய் வாங்கிக்கச் சொல்லு."

அந்த அறுப்பு முழுக்க அவர்கள் வீட்டுக்கு வேலை இல்லை. வயல் நத்தையும் வாய்க்கால் கரைக் கீரையுமாகச் சாப்பாடு ஓடியது. அப்பா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் அம்சத்துக்குத் தாங்கவில்லை. தஞ்சாவூரில் கட்சி மாநாடுகளுக்கு நாடகம் போட்டுவந்த இராஜாங்கம் நடிக்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு மாற்றுப் புடவையோடு கிளம்பிவிட்டாள்.

இராஜாங்கம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கருப்பா இருக்கியேம்மா."

"கடைசி வரிசைக்குக் குரல் கேக்கணுமா, நிறம் தெரியணுமாங்க?"

அவர் சிரித்துவிட்டார். ஐந்தாறு வருஷம் அவருடைய மேடைகளில் நடித்தாள். அந்தக் கும்பலோடுதான் சென்னைக்கும் போனாள்.

சினிமா அவளுக்குக் கொடுத்தது கூலிக்காரி வேஷம், இல்லாவிட்டால் எழவு வீட்டில் மாரடிக்கிற வேஷம். கேமராவுக்கு வெகு தூரத்தில் நிற்பாள். கடைசியில் ஒரு படத்தில் வசனத்தோடு ஒரு காட்சி கிடைத்தது. பண்ணையார் காலில் விழுந்து, "தெரியாம பண்ணிட்டோம் சாமி" என்று கதற வேண்டும்.

அம்சம் நின்றுகொண்டே இருந்தாள். "இது இந்தக் காலத்துக் கதைதானே சார்? எங்க ஊர்ல இப்ப யாரும் விழுறதில்லைங்க. நின்னு கேக்குறாங்க. நின்னு கேக்குற மாதிரி எடுங்க, உயிரக் குடுத்து நடிக்கிறேன்."

"நடிப்புதானம்மா? விழுந்துட்டு எந்திரிச்சுப் போ."

"பாக்குறவங்க அத நெசம்னு நம்புவாங்களே சார்."

டைரக்டர் வேறொருத்தியைக் கூப்பிட்டார். அவள் விழுந்தாள், காட்சி முடிந்தது. திமிர் பிடித்தவள் என்று அம்சத்துக்குப் பேர் வந்து, கம்பெனிகள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தின.

ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. ஜாக்கெட் தைத்தாள். டப்பிங் தியேட்டர் வாசலில் போய் நின்றாள். முகம் வேண்டாம், குரல் போதும் என்ற வேலை அது. தமிழ் தெரியாத நடிகைகளுக்கு அவள் குரலில் அழுகையும் கோபமும் போயின. வருஷக்கணக்கில் அப்படித்தான் பிழைத்தாள். அங்கே உதவியாளராக இருந்த நாகூர்க்காரர் மீரா உசேன் அவள் பேசுவதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

தெருத்தெருவாகக் கேபிள் டிவி வந்த காலத்தில், மீரா உசேன் டெல்டா ஊர்க் கதையொன்றைத் தொடராக எடுத்தார். அதில் பண்ணையம்மாவாக நடித்த பெங்களூர் நடிகை பாதியில் விலகிக்கொண்டாள். அதுவரை அவளுக்குக் குரல் கொடுத்தது அம்சம்தான்.

"அந்த வேஷத்த நானே பண்றேன் தம்பி," என்றாள்.

தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "பெரிய வீட்டம்மாவுக்கு இந்த முகமா? சனம் சிரிக்கும்." மீரா உசேன் மன்றாடி, ஒரே ஒரு காட்சி எடுத்துப் பார்க்க அனுமதி வாங்கினார்.

அதற்கான ஒத்திகையில் அம்சம் கண்ணை உருட்டினாள், கத்தினாள், கையை ஓங்கினாள். மீரா உசேன் அவளைத் தனியே கூப்பிட்டார். "அக்கா, நீங்க அந்தம்மாவா நடிக்கல. அந்தம்மா மேல உங்களுக்கு இருக்குற கோவத்த நடிக்கிறீங்க."

சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே ஊருக்கு ரயிலேறினாள்.

பிரகதாம்பாளின் நிலத்தில் உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சமும் குத்தகைக்காரர்கள் கையில் கொஞ்சமும் போய், மீதியைப் பிள்ளைகள் விற்றிருந்தார்கள். பெரிய வீட்டில் ஒரே ஒரு அறையில் கிழவி இருந்தாள். சின்ன வயதில் கொல்லைப்புறத்தோடு தன்னை நிறுத்திய அந்த வீட்டுக்குள், அம்சம் வாசல் வழியாக நுழைந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரு?"

"வீரையன் மவ. அம்சம்."

கிழவி அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. "காப்பி குடிக்கிறியா?"

அந்தப் பார்வையை அம்சம் அப்படியே வாங்கிக்கொண்டாள். பொழுதுக்கும் இருந்தாள். பால்காரனிடமும் வேலைக்காரியிடமும் கிழவி பேசுவதைக் கவனித்தாள். எதிராளி இருக்கிறான் என்பதே தெரியாதது போலப் பேசுவது, பதிலுக்குக் காத்திராமல் திரும்பிக்கொள்வது. கத்த வேண்டிய அவசியமே அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை என்று புரிந்தது. மகன் போன் செய்வானா என்று மணிக்கொரு தடவை அவள் போனைப் பார்ப்பதும் கண்ணில் பட்டது.

கிளம்பும்போது வந்த காரியத்தைச் சொன்னாள்.

"என்னக் கெட்டவளாக் காட்டப் போறியா?"

"இல்லம்மா. நீங்க இருந்த மாதிரியே காட்டப் போறேன்."

கிழவி போனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "அது அதைவிட மோசமாச்சே," என்றாள்.

சென்னை திரும்பிய அம்சம் அந்தக் காட்சியில் ஒரு சொல்லைக்கூட உரக்கப் பேசவில்லை. நனைந்த உடம்போடு எதிரே நின்ற கூலிக்காரனைப் பார்க்காமல், அவன் காலடியில் சொட்டிய தண்ணீரை மட்டும் பார்த்தாள். தயாரிப்பாளர், "இவங்களே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தொடர் மூன்று வருஷம் ஓடியது. பெயர்ப்பட்டியலில் 'நன்னிலம் அம்சம்' என்று வரவேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள்.

ஊரில் அவள் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம சனத்த விரட்டுற வேஷத்தையா போய்க் கட்டுன?"

"அவங்க எப்படி விரட்டுனாங்கன்னு அவங்களா காட்டுவாங்க? நான்தான்டா காட்டணும்," என்றாள் அம்சம்.

எழுபதை நெருங்கும்போதும் நடித்துக்கொண்டிருந்தாள். பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் படப்பிடிப்பு நடந்தபோது, கூட்டத்தில் நிற்க வந்த பெண்கள் புடவை மாற்ற இடமில்லாமல் மரத்துக்குப் பின்னால் ஒருத்திக்கொருத்தி மறைவு பிடித்து நின்றார்கள். அம்சத்துக்குத் தனியாக வேன் கொடுத்திருந்தார்கள். மேக்கப்போடு அவள் வேனிலிருந்து இறங்கி, அந்தப் பெண்கள் பக்கத்தில் போய் வெயிலில் நின்றுகொண்டாள்.

"ஷாட் ரெடிம்மா," என்று ஓடிவந்தார் மேனேஜர்.

"இவங்க மாத்துறதுக்கு ஒரு கூடாரம் போடுங்க. அப்புறம் வர்றேன்."

"நாளைக்குப் போட்டுடுறோம்மா."

"சரி. அப்ப நாளைக்கு எடுத்துக்குங்க."

மேனேஜர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் மேலே ஏறிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நான்கு ஆட்கள் லாரியிலிருந்து மூங்கிலும் படுதாவும் இறக்கினார்கள்.