பெயர் எழுதிய தாள் இல்லாத தேயிலை

எங்கள் மலையூருக்குக் குப்பை வண்டி வராது. வீட்டுக் குப்பையைக் கழுவிக் காயவைத்து, ஊர்க் குப்பை நிலையத்துக்குக் கொண்டுபோய், நாற்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் அவரவரே பிரித்துப் போடவேண்டும். ஹிகாசா தொகிஜி வீட்டில் அந்தப் பாடெல்லாம் மனைவி சுமியேவுடையது. அவள் செத்துப்போனதும் மனிதரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆயிற்று. புட்டிக்கு ஒரு பெட்டியாம், அதன் மூடிக்கு வேறு பெட்டியாம்!

இந்த நேரம் பார்த்து மகள் ஒசாகாவிலிருந்து பரிசுப் பெட்டிகளை அனுப்பினாள். சாவுக்குக் காணிக்கைப் பணம் வைத்த அண்டை வீடுகளுக்குப் பதில் பரிசு கொடுத்து மரியாதை செய்யவேண்டுமே. தாளுக்குள் தாள், அதற்குள் அட்டைப்பெட்டி, அதற்குள் பிளாஸ்டிக் உறை, கடைசியில் கையளவு தேயிலை டப்பா. கடைக்காரனுக்கென்ன, அவனா கழுவப் போகிறான்? ஊராருக்கு எதற்கு இந்தத் தொல்லை என்று தொகிஜி எல்லாவற்றையும் தானே உரித்து நிலையத்தில் போட்டுவிட்டு, மொட்டை டப்பாக்களை வீடு வீடாகக் கொடுத்தார். சுமியே இருந்தால் மெச்சியிருப்பாள் என்றுதான் நினைத்தார். வாங்கியவர்கள் முகம் ஏன் சுருங்கியது என்று விளங்கவில்லை.

மறுநாள் அடுத்த வீட்டுக் கியோனோ டப்பாவோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இது என்னது?"

"தேயிலை."

"அது தெரியுது. உங்க வீட்டுப் பேர் எழுதின வெள்ளைத் தாள் எங்க? அதோட சாமி மாடத்துல வச்சு, சுமியேவ நினைச்சுக் கும்பிட்டுட்டுத்தானே பிரிப்போம்?"

"அப்புறம் நீங்களும் குப்பையிலதானே போடுவீங்க? அதான் நானே..."

"நாங்க போடுறது வேற, நீங்களே போடுறது வேற. ஊருல எல்லாரும் என்ன கேக்குறாங்க தெரியுமா? பொண்டாட்டிக்குக் கடைசியா செய்யுற மரியாதைய இப்படியா செய்யுறதுன்னு."

என்ன வேறு? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சுமியேவின் பேரை நாமே கெடுத்துவிட்டோமோ என்று மட்டும் பயந்தார். நிலையத்துக்கு ஓடினார். எந்தப் பெட்டியில் போட்டார்? நினைவே இல்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து துழாவினார்.

டப்பாவும் கையுமாகப் பின்னாலேயே வந்த கியோனோதான் கண்டுபிடித்தாள். பழைய செய்தித்தாள்களின் நடுவே ஹிகாசா, ஹிகாசா என்று வீட்டுப் பேர் எழுதிய வெள்ளைத் தாள்கள் அடுக்காகக் கிடந்தன. தொகிஜிக்கு அழுகை வந்துவிட்டது. சாவன்றுகூட அவர் அழவில்லை.

கியோனோ ஒரு தாளை உருவி டப்பாவில் சுற்றி அவர் கையில் வைத்தாள்.

"இப்பக் குடுங்க."

இரண்டு கைகளாலும் ஏந்திக் குனிந்து நீட்டினார்.

"சுமியே உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா."