பின்பக்கம் இல்லாத கணக்கு

கொட்டாஞ்சேனையில் மாடிவீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கும் துஷாந்தினிக்குக் கணக்கு எழுத யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கல்யாணமான நாளிலிருந்து, பதினாறு வருடமாக, சீ.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டைக் கொப்பியில் எழுதி வந்தவள். தேங்காய், மீன், மகளின் டியூஷன் எல்லாம் முன்பக்கத்திலிருந்து. அதே கொப்பியைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து சீட்டுக் கணக்கு. பத்துப் பேர், ஆளுக்கு மாதம் ஐயாயிரம். சேரும் ஐம்பதாயிரத்தை மாதம் ஒருவர் எடுப்பார். சீட்டை நடத்துவது துஷாந்தினி. கடைசி முறை அவளுடையது. ஊரார் காசும் வீட்டுக் காசும் ஒரே பக்கத்தில் ஏறக்கூடாது என்பதில் அவள் படு கண்டிப்பு.

அவள் கணவன் றொஹானுக்கு ஜனவரியில் புது ஆசை ஒன்று பிடித்தது. வேலைபார்க்கும் கந்தோரில் யாரோ காட்டிய ஆப். பாங்கிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.களைத் தானே வாசித்துத் தானே கணக்குப் போடுமாம். இருவரின் போனிலும் அதை ஏற்றிவிட்டு, இனிக் கொப்பி தேவையில்லை என்று அறிவித்தான். துஷாந்தினியும் முன்பக்கத்தை எழுதுவதை விட்டாள். பின்பக்கத்தை மட்டும் விடவில்லை.

அன்றைக்குப் பிடித்தது சனியன். அந்த ஆப்பில் ஜிம்முக்கு இடம் இருந்தது, நாய்ச் சாப்பாட்டுக்கு இடம் இருந்தது, மீனுக்கு இல்லை. த்ரீவீல் காசைப் பயணம் என்று போட்டால் விமானப் படம் வந்து நின்றது. கோயில் அர்ச்சனையைப் பொழுதுபோக்கில் தள்ளியது. சரி, விபரத்தைப் பார்ப்போம் என்று தொட்டால் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டச் சொன்னது. காசை மிச்சம் பிடிக்கிற ஆப்புக்கே காசு கட்டுவதா என்று றொஹான் மறுத்துவிட்டான். ஆகவே அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் கலர் வட்டங்களும் அடியில் ஒரு சிவப்புத் தொகையும்தான்.

பெப்ரவரியில் மருந்துச் செலவு மிஞ்சிவிட்டது என்றது. வீட்டில் ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. இருந்தாலும் துஷாந்தினி தன் முழங்கால் நோவுக்குப் போடும் குளிசையை நிறுத்தினாள். மார்ச்சில் உடுப்புச் செலவு மிஞ்சியதாம். வருடப்பிறப்புக்கு மகளுக்கு எடுக்க இருந்த சட்டை நின்றது. ஏப்ரலில் கடைச் சாப்பாடு. றொஹான் மீன் அடைத்த மாலுபாண் வாங்குவதை விட்டான். எதை விட்டும் சிவப்புக் குறையவில்லை. ஏப்ரல் முடிவில் முப்பத்திரண்டாயிரம் துண்டு விழுகிறது என்று காட்டியது. கொப்பி எழுதிய காலத்தில் ஒரு மாதமும் துண்டு விழாத வீடு அது. பாங்கில் கிடக்கும் காசை எண்ணிப் பார்க்கலாம்தான்; ஆனால் சீட்டுக் காசும் சேர்ந்து கிடக்கும் கணக்கை அவள் தன்னுடையதாக நினைத்ததே இல்லை. தன் கைதான் ஓட்டைக் கையாகிவிட்டது என்று நம்பத் தொடங்கினாள். ஒரு மெஷின் சொன்னதைக் கேட்டு ஒரு கெட்டிக்காரி தன்னையே சந்தேகப்பட்டாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த நேரம் பார்த்து, கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் ஒஸ்வால்ட், ஜூனிலிருந்து வாடகை பத்தாயிரம் கூட என்றார். இருப்பதா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஏற்கெனவே துண்டு விழும் வீட்டில் பத்தாயிரத்துக்கு எங்கே போவது? றொஹான் வத்தளைக்கு அப்பால் ஒரு மலிவு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். மகளுக்கு இது ஓ.எல். சோதனை வருடம். இங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிட நடை. அவள் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம், மே மாதச் சீட்டை எழுதுவதற்காக அவள் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பினாள். இந்த வருடச் சீட்டில் இதுவரை எடுத்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பெப்ரவரி, பாமசி ஹியூபேட். மார்ச், சாரிக்கடை நஸ்லா. ஏப்ரல், பேக்கரி றெஜி.

மருந்து, உடுப்பு, கடைச் சாப்பாடு. அவள் மூன்று பெயரையும் இன்னொரு தரம் வாசித்தாள். சீட்டுக் காசை அவள் அனுப்பியது அவரவர் கடையின் பாங்க் கணக்குக்கு. ஆப் கடையின் பெயரைப் பார்த்துவிட்டு, இந்தக் குடும்பம் ஐம்பதாயிரத்துக்கு மருந்து விழுங்கியது, ஐம்பதாயிரத்துக்குச் சாரி கட்டியது, ஐம்பதாயிரத்துக்குப் பணிஸ் தின்றது என்று முடிவு கட்டியிருக்கிறது. மற்ற ஒன்பது பேரும் அவளுக்கு அனுப்பிய நாற்பத்தையாயிரத்தை மட்டும் அது கண்டுகொள்ளவே இல்லை. சம்பளம் தவிர வேறெதுவும் அதற்கு வரவு இல்லை.

அந்தப் பக்கத்திலேயே கூட்டிக் கழித்தாள். முப்பத்திரண்டாயிரம் துண்டு இல்லை, பதின்மூவாயிரம் மிச்சம். வாடகை ஏறினாலும் மூவாயிரம் கையில் நிற்கும்.

"இஞ்ச ஒருக்கா வாங்கோப்பா" என்று றொஹானைக் கூப்பிட்டுக் கொப்பியை நீட்டினாள். அவனும் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தான். பிறகு கதிரையில் பொத்தென்று இருந்தான்.

"சீட்டுக் காசும் அந்த எக்கவுண்டிலதான் வந்து போகுதெண்டு நீர் ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"அது எங்கட காசில்லையே. அதை ஏன் நான் வீட்டுக் கணக்கில கதைக்கப்போறன்?"

றொஹான், மாலுபாணை அநியாயமாக விட்டேனே என்று மட்டும் முணுமுணுத்தான். துஷாந்தினிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தொடங்கி அழுதும்விட்டாள். தன் கை ஓட்டைக் கை இல்லை. அவன் ஆப்பை அழிக்கப் போனபோது, ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டு அது ஐந்து காரணங்களைக் காட்டியது. அவன் ஐந்தையும் தொட்டான்.

ஞாயிறு வரைக்கும் பொறுக்க அவளால் முடியவில்லை. படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"அங்கிள், நாங்கள் இருக்கிறம்."

ஒஸ்வால்டுக்கும் சந்தோஷம்தான். புது ஆட்களோடு இந்த வயதில் தன்னால் மாரடிக்க ஏலாது என்றார்.

அவள் மேலே வந்தபோது மகள் புத்தகப் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். கீழே கதைத்தது கேட்டிருக்க வேண்டும். முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது இறுகிப்போயிருந்தது. துஷாந்தினி குசினிக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்துவிட்டாள்.