பதினேழாம் கட்டை

என் தங்கை தனுஜா வாய்க்காலுக்கு மட்டம் பார்ப்பவள். கலவானப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். எட்டாம் வகுப்போடு நின்ற நான், தேயிலை மலையில் பத்தொன்பது வருடம் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கிறேன். என் கான் ஒன்றுகூடக் கரை சரிந்ததில்லை. அவள் எம்பிலிப்பிட்டியவில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்து, நான் எங்கே மண்வெட்டி போட வேண்டும் என்று அடையாளக் கட்டை அடித்தாள்.

பெருமைதான். வயிறும் எரிந்தது.

ஓடையிலிருந்து நாற்றுமேடைக்கு அறுநூறு அடி வாய்க்கால், இருபத்துநான்கு கட்டை. ஜனவரி வெயிலுக்கு முன் தண்ணீர் வந்து சேர்ந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வேறு ஆள் என்று தோட்டத்து உதவி மேலாளர் சின்னதொரை சொல்லியிருந்தார்.

மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், தோட்டத்தில் சொல்வது டியூப். ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். தண்ணீர் ஓட, அதிலிருந்து ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு அங்குலம் இறக்குவாள். உள்ளே காற்று புகுந்தால் கணக்குத் தவறும்.

பதினேழாம் கட்டை அடிக்கும்போது சின்னதொரை வந்தார்.

“தனுஜா, லைன் நல்லா போகுது. அண்ணனுக்கு டியூப் புடிக்கிற வேலையா? ஆள் அசையாம நிக்கிறாரு.”

வெட்டிக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் போன பிறகு கவனித்தேன். என் முனைக்கு ஒரு முழம் கீழே, குழாயில் நாலு அங்குல நீளத்துக்குக் காற்று.

“அண்ணே, சரியா?”

“சரி, அடி.”

அடுத்த கட்டைக்குப் போகக் குழாயைத் தூக்கியதும் அந்தக் காற்று வெளியேறிவிட்டது.

தண்ணீர் திறந்த அன்று, பதினாறாம் கட்டை வரை ஓடி வந்தது. அங்கே நின்றது, பொங்கியது, கரை தாண்டித் தேயிலைக்குள் இறங்கியது.

“நோனா, தண்ணிக்கு மலை ஏறத் தெரியாதாம்!” என்றான் கூட வெட்டிய வேலுசாமி. தனுஜாவை அவன் கேலியாக ‘நோனா’, துரைசானி, என்பான். சின்னதொரை சிரிக்கவில்லை.

தனுஜா வாய்க்காலுக்குள் இறங்கி என்னருகே வந்தாள். “பதினேழுல காத்து இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

கரையில் கை ஊன்றினாள். மேலே ஏறிச் சின்னதொரையிடம் போனாள். “சேர், மட்டம் என் பிழை. பதினேழுலேர்ந்து கடைசி வரைக்கும் நாலு அங்குலம் இறக்கணும். ரெண்டு நாள் குடுங்க.”

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். குனிந்து வெட்டத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் நாற்றுமேடைக்கு வந்தது. வேலை நிரந்தரமானது. அன்று சாயங்காலம் டியூபை என்னிடம் தராமல் அவளே சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

இப்போது மேல்மலையில் புது வாய்க்கால். மறுமுனையைப் பிடிப்பவன் வேலுசாமி. ஒவ்வொரு கட்டைக்கும் “நோனா, காத்து இல்ல! கொசுகூட இல்ல!” என்று கத்துகிறான். அவளும் சிரிக்கிறாள். நேற்று அவன் குழாய் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

“விரலை எடுடா! மூடிக்கிட்டு நின்னா மட்டம் எப்படிடா நிக்கும்?”

தனுஜா திரும்பவில்லை.

“வேலுசாமிக்கு நான் சொல்லிக்கிறேன். நீங்க வெட்டுங்க அண்ணே.”