நான் ஒருசந்தி இருக்கவில்லை

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என் கோபம் இன்னும் ஆறவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்தச் சாட்சி பொய்யாகிவிடும்.

எனக்கு முடக்குவாதம். விரல் கணுக்கள் வீங்கி, காலையில் சேலைக் கொசுவத்தைக்கூடப் பிடிக்க முடியாது. சென்ற ஆண்டு, சாம்பல் புதனுக்கு முந்தின வாரம், மருத்துவர் ஒரு புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாம்பல் புதன் காலையில் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். பசி இல்லை. மறுநாளும் இல்லை. முதல் வெள்ளிக்குள் சோறு வேகிற வாசனையே வயிற்றைப் புரட்டியது.

தவக்காலத்தில் ஒருத்தி சாப்பிடாமல் இருந்தால் எங்கள் வீடுகளில் யார் மருத்துவரைத் தேடுவார்கள்? ஒருசந்தி இருக்கிறாள் என்றார்கள். நோன்பு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் தலைவி என் கணவரின் அக்கா, பிலோமி மதினி. அவளிடம் நேரிலேயே சொன்னேன், நான் நோன்பு இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று. அவள் என் கன்னத்தைத் தடவினாள்.

"நோன்பு இருக்கது வெளிய தெரியக்கூடாதுன்னு ஆண்டவரே சொல்லிருக்காருல்லா. நீ மறைக்க. நல்லா மறைக்க, ஏளா."

நானும் அதே நற்செய்தியைத்தான் படித்திருக்கிறேன். நான் மறுக்க மறுக்க என் தாழ்ச்சி பெரிதாகிக்கொண்டே போனது.

நான்காம் வாரம் விரல்களில் வீக்கம் வடிந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்றேன். மதினியோ அன்பியக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, ஒருசந்தியின் பலன் இது என்று அறிவித்துவிட்டாள். அதன் பிறகு நான் சாப்பிட்டால் வலி திரும்பிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். துறைமுகத்து இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவர் அதிகம் பேசாதவர். அவர்கூடத் தேநீர்க் கடையில் என் நோன்பைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறார். மருத்துவரிடம் போவோம் என்று கேட்டால், ஈஸ்டருக்கு நோன்பை முடித்துவிட்டுப் போகலாம் என்றார்.

ரவிக்கைகள் தொளதொளத்தன. கல்யாண மோதிரம் கழன்று விழுந்தது. ஐந்தாம் வெள்ளி சிலுவைப் பாதை ஊர்வலத்தில் தலை சுற்றி, தெருவிலேயே விழுந்தேன். ஒருத்தரும் என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. பின்னால் வந்த ஒரு பெண் மட்டும், ஆண்டவர் முதல்முறை விழுந்த தலத்திலேயே விழுந்திருக்கிறாளே என்று கண்ணீர் விட்டாள். எனக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது. எழுந்து நிற்கவே தெம்பில்லை.

குருத்து ஞாயிறு அன்று மதியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தேன். முழந்தாளிடவில்லை. முடியவும் இல்லை, மனமும் இல்லை. "ஆண்டவரே, இதை நான் உமக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காததை எடுத்துக்கொண்டு எனக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறீரே, இது என்ன நியாயம்? என்னை நம்புகிற ஒரே ஒரு ஆளை அனுப்பும். இல்லையென்றால் என் அடக்கப் பூசையிலும் மதினிதான் வாசகம் வாசிப்பாள்."

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் அந்த ஆள் வந்தாள்.

மில்லர்புரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி செல்வி. துணிக்கடை வைத்திருக்கிறாள். அன்று அவள் வீட்டில் மீன் பொரித்தார்கள். வாசனை வந்ததும் நான் கொல்லைக்கு ஓடி ஓங்கரித்தேன். வயிற்றில் எதுவும் இல்லை, வெறும் கசப்புத் தண்ணீர். மதிலுக்கு அப்பால் நின்று பார்த்தவள் நேரே வந்துவிட்டாள்.

"அக்கா, ஒருசந்தின்னு சொல்லுதாவளே, நெசமா?"

"இல்ல."

நம்பினாள். அவ்வளவுதான். அதற்கே நான் அழுதேன்.

"நானும் வருசா வருசம் கொலசை அம்மனுக்கு மாலை போட்டு வெரதம் இருக்கவதான். பக்கத்து வீட்டுல மீன் பொரிச்சா எனக்கு வாயி ஊறும்க்கா. வெரதம்னா பசிக்கணும்லா. ஒங்களுக்குப் பசியே இல்ல. இது வெரதமில்ல, சீக்கு. புதுசா என்ன மாத்திர தின்னுதிய?"

இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளை வரிசையாகச் சொல்லக்கூடியவள் நான். பழைய ஆலயங்களுக்கு அடிக்கல் நாட்டிய தேதிகளைத் தேடித்தேடிச் சேர்ப்பவள். மாத்திரை தொடங்கிய வாரமும் பசி போன வாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததை அவள் கேட்ட பிறகுதான் கண்டேன்.

செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு செல்வியே என்னை ஆட்டோவில் அழைத்துப்போனாள். சிலருக்கு இந்த மாத்திரை பசியைக் கெடுக்கும், உடனே வந்திருக்க வேண்டாமா என்றார் மருத்துவர். கொடுக்கும்போதே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருக்க வேண்டும்தான் என்றார். இரத்தப் பரிசோதனை செய்து மருந்தை மாற்றினார். எந்த மாத்திரையையும் நானாக நிறுத்தக்கூடாது, வந்து சொல்லவேண்டும் என்றார்.

பெரிய வெள்ளியன்று மதினி வந்தாள்.

"அம்மனுக்கு மாலை போடுதவ சொல்லியா ஒனக்குத் தெரியணும்?"

"ஆமா மதினி. ஞானஸ்நானம் வாங்குன ஒருத்தரும் என்னைய நம்பலயே."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஈஸ்டர் கழிந்து இரண்டாம் வாரம், மதினி வீட்டில் அன்பியம் கூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது என் வயிறு இரைந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி. தவக்காலம் முழுக்கக் கோயிலில் பாடாமலிருந்த அல்லேலூயாவை என் வயிறு அன்றைக்குத்தான் பாடியது. மதினி பாதி மணியில் எழுந்து உள்ளே போனாள். ஒரு தட்டில் புட்டும் பழமும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நான் தின்றேன். தட்டு காலியாகும்வரை அவள் செபத்தைத் தொடரவில்லை.

இப்போது யாராவது சாப்பிடவில்லை என்றால், மாத்திரை ஏதும் மாற்றினார்களா என்று முதலில் கேட்பவள் மதினிதான்.

சகோதர சகோதரிகளே, கோபத்தோடு ஜெபிக்க அஞ்சாதீர்கள். என் கோபத்தை அவர் தாங்கிக்கொண்டார். கேட்ட ஆளை அனுப்பினார், ஆனால் அந்த ஆள் நான் எதிர்பார்த்த வாசலிலிருந்து வரவில்லை. அவரை நம்புங்கள். பக்கத்தில் ஒருவர் முடியவில்லை என்று சொன்னால் அவரையும் நம்புங்கள்.

இந்த ஆண்டு சாம்பல் புதனன்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். உச்சிக்கு முன்பே பசித்தது. செல்வி வீட்டு மீன் வாசனைக்கு வாய் ஊறியது. யாரும் என்னைப் பாராட்டவில்லை. ஆண்டவருக்குப் புகழ்.